நான்கு சுற்று ஓட்டமும் இரண்டு ரொட்டியும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 38 வயது, எடை 78 கிலோ. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் வேலை, செந்தூலில் வீடு. மூன்று மாதமாக வாரத்தில் நான்கு நாள், வேலை முடிந்ததும் கேஎல்சிசி பூங்காவில் நான்கு சுற்று ஓடுகிறார். முடித்த கையோடு கூட ஓடும் நண்பர்களோடு செந்தூலில் ஒரு மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. "ஓடிவிட்டு வந்தால் அகோரப் பசி அக்கா. என்ன சாப்பிடுகிறேன் என்றே தெரியாமல் சாப்பிடுகிறேன். எடை குறையும் என்று பார்த்தால் 2 கிலோ ஏறியிருக்கிறது. பசியை அடக்க வழி சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓடுவதை நிறுத்திவிடட்டுமா?" என்று எழுதியிருக்கிறார். நல்லவேளையாக, ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்பதையும் மணி போட்டு அனுப்பியிருக்கிறார். பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

தம்பி, நீங்கள் எழுதியதையே உங்களுக்குத் திருப்பிப் படித்துக் காட்டுகிறேன். காலை எட்டு மணிக்கு இரண்டு ரொட்டித்துண்டு, கோப்பி. மதியம் 12:45-க்கு நாசி சம்பூர் (சோறும் விருப்பப்பட்ட கறிகளும்) கடையில், இன்று ஓட்டம் இருக்கிறதே என்று பாதிச் சோறு, ஒரு கீரை, ஒரு சின்ன மீன். நாலு மணிக்கு இன்னொரு கோப்பி. ஏழு மணிக்கு ஓட்டம். துடைத்துக்கொண்டு சட்டை மாற்றி, ஜாமில் நின்று, கடைக்கு வந்து உட்காரும்போது மணி ஒன்பதேகால். மதியத்துப் பாதிச் சோற்றுக்கும் இதற்கும் இடையில் எட்டரை மணி நேரம். இந்த இடைவெளியில் ஓடாமல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்குப் பசித்திருக்கும். நானாக இருந்தால் யாரையாவது கடித்திருப்பேன்.

அதாவது, ஒன்பதேகாலுக்கு வரும் பசியில் பெரும்பகுதி ஓட்டத்தினால் வந்தது இல்லை. பிற்பகல் முழுவதும் சேர்ந்துகொண்டே வந்தது. ஓட்டம் அதைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

மறைத்து வைத்தது என்று சும்மா சொல்லவில்லை. கிரெலின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. வயிற்றில் சுரந்து, மூளைக்குப் போய்ப் பசி என்று சொல்வது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடினால் அதன் அளவு இறங்குகிறது. வயிறு நிறைந்தது என்று சொல்கிற வேறு சில ஹார்மோன்கள் ஏறுகின்றன. ஓடி முடித்த கையோடு சாப்பாட்டைப் பார்த்தால் பிடிக்காமல் போவது இதனால்தான். ஆனால் இது நிற்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்கள் விஷயத்தில் அந்த ஒரு மணி நேரத்தை ஜாலான் துன் ரசாக் ஜாம் சாப்பிட்டுவிடுகிறது. மறைப்பு விலகி, எட்டரை மணி நேரப் பசி முழுசாக வெளியே வரும் நேரத்தில் சரியாக நீங்கள் ரொட்டி சானாய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதில் சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வியர்த்துக் கொட்டும்போது சாப்பாடு தோன்றாது, குளிர்ந்ததும் தோன்றும். 2005-இல் ஃபுளோரிடாவில் செய்த ஆய்வு ஒன்றில், ஒரே ஆட்களைத் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்: ஒரு நாள் 20 டிகிரி நீரில், இன்னொரு நாள் 33 டிகிரி நீரில். குளிர்ந்த நீரில் மிதித்த நாளில் 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நீச்சலுக்குப் போய்வந்த பிள்ளைகள் அடுப்படியையே சூறையாடுவதை எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்வார், அதற்கு ஆய்வு வேண்டாம். ஏர்கான் போட்ட ஜிம்மில் பயிற்சி செய்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கேஎல்சிசி ஓட்டப்பாதை ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர். நான்கு சுற்று 5.2. ஓடுவதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 78-ஐ 5.2-ஆல் பெருக்கினால் 400 சொச்சம். அதிலும் அந்த நாற்பது நிமிடம் சும்மா படுத்திருந்தாலே 50 கலோரி செலவாகியிருக்கும், அதைக் கழிக்க வேண்டும். கடைசிச் சுற்று பெரும்பாலும் நடைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆக மொத்தம் ஒரு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்கடிகாரம் 520 என்று காட்டுகிறதாம். அதை நம்பித்தான் "இன்றைக்கு இரண்டு ரொட்டி தாங்கும்" என்று முடிவு செய்கிறீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரிக் கணக்கில் மட்டும், ஏழில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். துடிப்பு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அதைக் கேட்காதீர்கள்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பத்துமலை. 272 படி. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறும் உயரம் 40 மீட்டர். 78 கிலோ உடம்பை 40 மீட்டர் தூக்க இயற்பியல் கணக்குப்படி 7 கலோரிதான் வேண்டும். தசை அவ்வளவு சிக்கனமான இயந்திரம் இல்லை, எரிப்பதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறும் என்பதால் 35 என்று கொள்ளலாம். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. எட்டு ஒன்பது முறை ஏறி வந்தால்தான் ஒரு ரொட்டி தீரும். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலின் 513 படியை ஏறினாலும் அரை ரொட்டி ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பத்துமலையில் மூச்சிரைக்க ஏறி இறங்கி, கீழே வந்ததும் நேராக வடை, பூரி, பால்கோவா என்று போகிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருத்தி.

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அப்போது நான் உணவு ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மாரத்தானுக்குப் பயிற்சி. ஞாயிறு காலையில் 15, 16 கிலோமீட்டர் ஓடுவோம். முடிக்கும் இடத்தில் ஓர் அம்மா மேசை போட்டு நாசி லெமாக் விற்பார், வாழை இலையும் பழைய செய்தித்தாளும் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலம். முதல் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தேங்காய்ப்பால் வாசனையோடு ஆவி முகத்தில் அடிக்கும். சின்னதுதானே என்று இன்னொன்று. வீட்டுக்குப் போகும் வழியில் மதியத்துக்கு என்று மூன்றாவதைத் தப்பாவ் செய்து (பொட்டலமாக வாங்கி) எடுத்துக்கொள்வேன், அது பதினொரு மணிக்கே தீர்ந்துவிடும். ஐந்து மாதத்தில் 3 கிலோ ஏறினேன். சாப்பாடு மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஓடின களைப்பில் ஞாயிறு மதியம் முழுவதும் சோபாவில் கிடப்பேன். திங்கட்கிழமை "நேற்றுத்தான் ஓடினேனே" என்று ஒரு மாடிக்குக்கூட லிஃப்ட் பிடிப்பேன். ஓட்டத்தில் செலவானதை மற்ற நேரத்தில் அசையாமல் இருந்தே பாதி மீட்டுவிட்டேன். மீதியை நாசி லெமாக் பார்த்துக்கொண்டது.

ஆகவே உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. எல்லோருக்கும் இப்படி நடப்பதும் இல்லை. 2008-இல் பிரிட்டனில் 35 பேரைப் பன்னிரண்டு வாரம் ஒரே அளவு பயிற்சி செய்ய வைத்துப் பார்த்ததில், சிலருக்கு எடை நன்றாக இறங்கியது, சிலருக்குக் கொஞ்சம்தான் இறங்கியது. கொஞ்சம் இறங்கியவர்களுக்குப் பசியும் சாப்பாடும் கூடியிருந்தன. நீங்களும் நானும் அந்த இரண்டாவது வகை போலிருக்கிறது. இது மனக்கட்டுப்பாடு இல்லாத குறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அப்படி அமைந்திருக்கிறது, அதற்குத் தகுந்தாற்போல நேரத்தை மாற்றி அமைக்க வேண்டியதுதான்.

ஏறிய 2 கிலோவும் கொழுப்பா என்று ஒரு சந்தேகம் வரலாம். புதிதாக ஓட ஆரம்பிப்பவரின் தசைகள் மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் போலத் தண்ணீரும் சேர்ந்து தங்கும். அதனால் முதல் சில வாரத்தில் ஒரு கிலோ ஏறுவது சாதாரணம். ஆனால் மூன்று மாதம் ஆகியும் 2 கிலோ என்றால் அதில் ரொட்டியும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தையற்காரர் அளவு நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். நம் ஆசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதைத் தாண்டக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான், அது ஓட்டத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். மதியம் சோற்றைப் பாதியாக்குவதை விடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி. சுகாதார அமைச்சு மலாயில் சுக்கு-சுக்கு-செபாரோ (கால்-கால்-பாதி) என்று சொல்கிறதே, அதேதான். உங்கள் தட்டில் சோறு பாதி என்பதைவிட மீன் சின்னது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிறகு ஐந்தரை மணிக்கு, அலுவலக மேசையிலேயே, ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு பிசாங் பெராங்கான் வாழைப்பழமும் ஓர் அவித்த முட்டையும். அல்லது ஒரு சின்ன டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல். சுண்டல் என்றதும் தேங்காய்த் துருவலை அள்ளிக் கொட்டாதீர்கள், கடுகு தாளித்து ஒரு சிட்டிகை போதும். 150 முதல் 200 கலோரிக்குள் இருக்கும். "ஏற்கெனவே கூடச் சாப்பிடுகிறேன், இதில் இன்னொன்றா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. ஆமாம், இன்னொன்றுதான். ஐந்தரை மணிக்குச் சாப்பிடும் 200, ஒன்பதேகாலுக்கு வரவிருக்கும் 500-ஐ அங்கேயே நிறுத்திவிடும். என்னிடம் வருகிறவர்களில் இந்த ஒன்றை மட்டும் செய்து, வேறெதையும் மாற்றாமல், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஓடுவதற்கு ஒன்றரை மணி நேர இடைவெளி இருப்பதால் வயிற்றிலும் குலுங்காது. கறிப்பாப் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் ஓடும்போது நெஞ்சுவரை வந்து நிற்கும்.

இரண்டாவது, ஓட்டத்துக்குப் பிறகு "ஓட்டச் சாப்பாடு" என்று தனியாக ஒன்று கிடையாது. இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். முடித்த அரை மணி நேரத்துக்குள் புரதம் இறங்கவில்லை என்றால் பயிற்சியே வீண் என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் என்பதுதான் பெரிது. பயிற்சியை ஒட்டி ஓரிரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாலே தாராளம். நாற்பது நிமிடம் ஓடுகிறவருக்கு இரவுச் சாப்பாடுதான் ஓட்டத்துக்குப் பிந்தைய சாப்பாடு. உங்களுக்கு நடப்பது என்னவென்றால், மாமாக் கடையில் ஒன்று, வீட்டில் அம்மா மூடி வைத்திருக்கும் சோறு ஒன்று. "பாவம், ஓடிக் களைத்து வந்திருக்கிறான், இளைத்துப் போய்விட்டான்" என்று அம்மா போடுகிற இரண்டாவது அகப்பையை உங்கள் பட்டியலில் நீங்கள் எழுதவே இல்லை. கேள்வியின் கடைசி வரியில் "வீட்டிலும் கொஞ்சம்" என்று வாய்தவறி வந்திருக்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், எனக்கும் அம்மா இருந்தார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் சாப்பிடும் நாளில் கடைக்குப் போகாதீர்கள், அல்லது போனால் குடிப்பதோடு நிறுத்துங்கள். கடையில் சாப்பிடும் நாளில் மதியமே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, ராத்திரி எனக்குச் சோறு வைக்காதீங்க." வைத்த சோற்றை வேண்டாம் என்று சொல்ல நம் வீட்டில் யாராலும் முடியாது. வைக்காமல் இருக்கச் சொல்வது சுலபம்.

கடைக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம். ராத்திரி ஒன்பதேகால், பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய திரையில் கால்பந்து. உங்களுக்கு நேரே ரொட்டி போடுகிறவர். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எடுத்து, தட்டி, வீசி, பேப்பர் மாதிரி விரித்து மடித்துக் கல்லில் போடுகிறார். சுட்டதை இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்க்கும்போது வருகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டபிறகு "எனக்கு ஆயர் சுவாம் (வெதுவெதுப்பான தண்ணீர்) மட்டும்" என்று சொல்வதற்கு முனிவராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி) என்கிறார், இன்னொருவர் கூவா பஞ்ஜிர் (குழம்பை மேலே ஊற்றி) என்கிறார், உங்கள் வாய் தானாக "எனக்கும்" என்கிறது. முதல் ரொட்டி மூன்று நிமிடத்தில் காலி. வயிற்றிலிருந்து போதும் என்ற சேதி மூளைக்குப் போக இருபது நிமிடம் போல ஆகும். அதற்குள் அண்ணன் மேசைப் பக்கம் வந்து "வேற?" என்கிறார். எல்லாம் அந்த "வேற?"-யில்தான் நடக்கிறது.

எனவே கடைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே, காரில் இருக்கும்போதே, என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முடிந்தால் நண்பர்கள் குழுவில் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நாலு பேருக்குச் சொல்லிவிட்டால் மாற்ற வெட்கமாக இருக்கும். உட்கார்ந்ததும் ஒரே தடவையில் ஆர்டர், இரண்டாவது ஆர்டர் இல்லை. இரவில் மாமாக் கடையிலேயே நல்ல சாப்பாடு கிடைக்கும்: இரண்டு சப்பாத்தி, பருப்பு, தந்தூரி கோழி ஒரு துண்டு, வெள்ளரி வெங்காயம். சப்பாத்தி மெல்ல நேரம் எடுக்கும், கோழியில் 25 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கும், வயிறு நிற்கும். ரொட்டிதான் வேண்டும் என்றால் ரொட்டி கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி) ஒன்று, கூடவே இரண்டு அரைவேக்காட்டு முட்டை. சைவம் என்றால் பக்கத்திலேயே நம் கடைகளில் மூன்று இட்லி, கிண்ணம் நிறையச் சாம்பார், ஒரு கப் தயிர் கேளுங்கள். முட்டை சாப்பிடுகிற சைவர் என்றால் தயிருக்குப் பதில் அது. எனக்குத் தெரிந்து பசியை அடுத்த நாள் காலைவரை தாக்குப்பிடிக்க வைப்பதில் புரதத்துக்கு நிகர் இல்லை. வெறும் மாவும் கறிக்குழம்பும் பதினொரு மணிக்கே மறுபடி ஃபிரிட்ஜைத் திறக்க வைக்கும்.

குடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் சாப்பாட்டுக்குச் சமமாக அதுதான் இருக்கிறது. ஓடி முடித்ததும் ஒரு டின் ஐசோடோனிக், கடையில் மைலோ ஐஸ், பேச்சு நீண்டால் ஒரு தே தாரிக். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு ஐசோடோனிக் தேவையே இல்லை. ஒரு டின்னில் நான்கு தேக்கரண்டி போலச் சர்க்கரை. தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் விழுந்தால் அதிலேயே 130 கலோரி. மைலோ நமக்கு விளையாட்டோடு சேர்ந்தே மனதில் பதிந்தது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சை லாரி வந்து நிற்கும், சின்னக் காகிதக் குவளையில் ஜில்லென்று தருவார்கள், அந்தச் சுவைக்கு இன்றுவரை ஈடு இல்லை. ஆனால் அது சின்னக் குவளை, நமக்கும் பத்து வயது. கடைக் குவளை அதைப்போல மூன்று மடங்கு, அதன்மேல் கெட்டிப்பால் வேறு.

தாகத்தைத்தான் பசி என்று தவறாக நினைக்கிறோம், தண்ணீர் குடித்தால் பசி போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. தாகம் தாகமாகத்தான் தெரியும். சிக்கல் என்னவென்றால், தாகத்தோடு கடைக்குள் போனால் கை இனிப்புக் குவளைக்குத்தான் நீளும். நம்முடைய ஈரக்காற்றில் நாற்பது நிமிடம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் வியர்வை போவது சகஜம். ஒரு நாள் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரிந்துவிடும், குறைந்த எடை முழுவதும் தண்ணீர்தான். காரில் ஒரு பெரிய புட்டி வைத்துக்கொண்டு, ஜாமில் நிற்கும்போதே அதைக் குடித்து முடியுங்கள். கடையில் தே ஓ லிமாவ் கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத எலுமிச்சைத் தேநீர் கேளுங்கள். கோசோங் என்று அழுத்திச் சொல்லாவிட்டால் சீனி விழுந்துவிடும். "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்பது ஒவ்வொரு கடையிலும் ஒவ்வோர் அளவு, அதை நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போங்கள். அதையும் பிடுங்கினால் எதற்கு ஓடுவது? ஒரே ஒரு யுக்தி: இலையில் முதலில் காயையும் ரசத்தையும் முடித்து, சோற்றுக்கு இரண்டாவது முறை வருவதற்குள் இலையை மடித்துவிடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தக் கடையானாலும், மடித்த இலைக்கு யாரும் சோறு கொண்டுவர மாட்டார்கள். வாயால் போதும் போதும் என்று நாலு தடவை சொல்வதைவிட ஒரு மடிப்பு போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் என்றால், ஓட்டத்துக்குப் பிறகு வருகிற பசி வேறு வகையாக இருக்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. ரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்தப் பசியை அடக்கிக்கொண்டு வீரம் காட்டக் கூடாது. அடிக்கடி வந்தால் மருந்தின் அளவை மருத்துவர் பார்க்க வேண்டும், தாமாகக் குறைக்கவும் வேண்டாம். அதேபோல, நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் மறைத்து, மறுநாள் அதற்குத் தண்டனையாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழைப்பழமும் முட்டையும் பதில் இல்லை. ஒரு மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், ஓட்டத்தைக் காலைக்கு மாற்றினால் பசி குறையுமா என்று. காலையில் ஓடினால் உடனே காலை உணவு வருகிறது, எட்டரை மணி நேர இடைவெளி என்ற சிக்கலே இருக்காது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் நம் ஊரில் ஏழு மணிவரை இருட்டு. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து சூரியன் நமக்குத் தாமதமாகத்தான் எழுகிறது. எட்டரைக்கு மேசையில் இருக்க வேண்டிய நீங்கள் ஐந்து மணிக்கு எழ வேண்டிவரும். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் முழுக்கப் பசி கூடும், அதிலும் இனிப்பும் எண்ணெயும்தான் நாக்கு கேட்கும். பத்து மணிக்குப் படுக்க முடியும் என்றால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாலையே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஓட்டம், கடை, நண்பர்கள் எதையும் மாற்ற வேண்டாம். மதியம் முழுத் தட்டு, ஐந்தரைக்குப் பழமும் முட்டையும், காரில் தண்ணீர். மூன்றே மூன்று. கடையில் என்ன ஆர்டர் செய்தீர்கள் என்பதை மட்டும் போனில் குறித்து வையுங்கள். எடையைத் தினமும் பார்க்காதீர்கள், திங்கட்கிழமை காலை எழுந்ததும் ஒரு தடவை போதும். இரண்டு வாரம் கழித்து அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள், வீட்டில் சாப்பிட்ட அந்தக் "கொஞ்ச"த்தையும் சேர்த்து.